காட்டின் எடை: கரிமக் கணக்கு உருவான வரலாறு

இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் காடுகள் நிலை அறிக்கை, நாட்டின் காடுகள் 728 கோடியே 55 லட்சம் டன் கரிமத்தைத் தம்முள் வைத்திருப்பதாகக் கணக்கிடுகிறது. கார்பன் என்று பள்ளிப் பாடங்களில் வழங்கும் தனிமமே இங்குக் கரிமம் எனப்படுகிறது. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைவழி வாங்கி, அதிலுள்ள கரிமத்தைத் தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் கட்டிக்கொள்வதால், நீர் முழுதும் வற்றிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமாகவே இருக்கிறது; காடு எரிந்தாலோ மட்கினாலோ அது மறுபடி காற்றுக்கே போய்விடுகிறது. ஆனால் காட்டை ஏற்றி நிறுக்கும் தராசு உலகில் எங்கும் இல்லை. ஆகவே மேற்சொன்ன எண் எவரும் நிறுத்துக் கண்ட எடை அன்று. மரத்தின் சுற்றளவிலிருந்து கன அளவும், கன அளவிலிருந்து எடையும், எடையிலிருந்து கரிமமும், ஒரு துண்டு நிலத்திலிருந்து ஒரு நாடும் என ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பெற்ற மதிப்பீடு. இந்தப் பெருக்கலின் ஒவ்வொரு படியும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், பெரும்பாலும் கரிமத்தைப் பற்றி எண்ணியே பாராதவர்களால் அமைக்கப்பட்டது. அவர்கள் எதற்காக எண்ணினார்களோ அந்த நோக்கத்தின் தடம் இன்றைய கணக்கிலும் பதிந்திருக்கிறது என்பதால், கணக்கின் வரலாற்றை அறியாமல் கணக்கை நம்புவதும் மறுப்பதும் ஒருபோலப் பிழையாகும்.

முதல் படி ஜெர்மன் நாட்டின் சாக்சனிப் பகுதியில் அமைந்தது. அங்குள்ள ஃபிரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் விறகையும் மரக்கரியையும் ஓயாமல் தின்றுகொண்டிருந்தன. சுரங்க நிர்வாகத்தின் உயர் அதிகாரியாக இருந்த ஹன்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் வெளியிட்ட காடு வளர்ப்பு நூலில், காடு திரும்ப வளரும் அளவுக்குமேல் வெட்டலாகாது என்ற கருத்தை எழுதி வைத்தார். கருத்து எளிது, ஆனால் அதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் காட்டில் இப்போது எவ்வளவு மரம் நிற்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்ற இரண்டு எண்களும் கையில் இருக்க வேண்டும். அதுவரை காட்டின் இருப்பு அனுபவசாலியின் கண்மதிப்பாகவே இருந்தது.

கண்மதிப்பை எண்ணிக்கையாக மாற்ற 18ஆம் நூற்றாண்டில் யோஹான் காட்லிப் பெக்மன் கையாண்ட முறை, இன்று படிக்கும்போதும் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவானது. அளந்து எல்லை கட்டிய ஒரு காட்டுத்துண்டில் உதவியாளர்கள் பலர் வரிசையாகத் தோளுக்குத் தோள் இணைந்து நடந்தனர். ஒவ்வொருவர் கையிலும் அறைகள் பிரித்த ஒரு பெட்டி. அறைக்கு ஒரு நிறமாக ஆணிகள். ஒவ்வொரு நிறமும் மரத்தின் ஒரு பருமன் வகுப்பைக் குறிக்கும். பருமன் வகுப்புகளைப் பார்த்த அளவில் இனம்காண அவர்கள் முன்பே பழக்கப்பட்டிருந்தனர். எதிர்ப்படும் மரத்தின் பருமனைக் கண்டு, உரிய நிற ஆணியை அதில் அடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். ஆணி அடித்த மரத்தை இரண்டாம் முறை எண்ண இடமில்லை. ஆணியில்லாத மரம் கண்ணுக்குத் தப்பாது. மறுமுனையை எட்டியதும் பெட்டியில் எஞ்சிய ஆணிகளை எண்ணி, தொடக்கத்தில் கொடுத்த எண்ணிக்கையிலிருந்து கழித்தால், எந்தப் பருமனில் எத்தனை மரம் என்ற கணக்கு எழுத்தறியாதவர் கையிலிருந்தும் பிசகின்றி வந்துவிடும். மாதிரிப் பரப்பு, அதாவது முழுக் காட்டுக்கும் பதிலாக நின்று அதன் தன்மையைச் சொல்லும் சிறு நிலத்துண்டு, என்ற எண்ணத்தின் மூலவடிவங்களுள் இதுவும் ஒன்று.

எண்ணிக்கையைக் கன அளவாக மாற்றும் வேலையை அடுத்த தலைமுறை செய்தது. தண்டு மேலே போகப் போக ஒடுங்குவதால், அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கிக் கிடைக்கும் உருளையின் கன அளவைவிட உண்மையான மரத்தின் கன அளவு குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்பதை வெட்டிய மரங்களை அளந்து கண்டறிந்து, சுற்றளவும் உயரமும் தெரிந்தால் கன அளவைப் பார்த்துக்கொள்ளும்படி அட்டவணைகள் அமைக்கப்பட்டன. ஹைன்ரிஷ் கோட்டா போன்றவர்கள் இதை ஒரு முறையான கல்வியாக்கினர். 1811இல் அவர் தாரண்ட் ஊரில் அமைத்த வனக்கல்விக் கூடம் பின்னர் உலகெங்கும் அறியப்பட்டது. ஆனால் அந்த அட்டவணைகளில் இருந்தது விற்கக்கூடிய தண்டு மட்டுமே. புதரும் நாற்றும் உளுத்த மரமும் விலைபெறாத இனங்களும் அட்டவணைக்குள் வரவில்லை. காடு என்றால் வெட்டுமரம் என்ற இந்தச் சுருக்கம் அன்றைய தேவைக்குப் பொருத்தமானதே; பிற்காலத்துக்கு அது விட்டுச்சென்ற இடைவெளிதான் பெரிது.

ஜெர்மன் முறை இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்தது பர்மாவின் வழியாக. பான் நகரில் பிறந்த தாவரவியலாளர் டீட்ரிஷ் பிராண்டிஸ், ஆங்கிலேயர் 1852இல் கைப்பற்றியிருந்த பெகு பகுதியின் தேக்குக் காடுகளுக்கு 1856இல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அந்தக் காட்டில் எவ்வளவு தேக்கு நிற்கிறது என்று அரசுக்குத் தெரியாது. மர வணிகர்களோ வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டு நெருக்கினர். பிராண்டிஸ் யானைமீதும் கால்நடையாகவும் பாதைகளையும் மலைமுகடுகளையும் பின்பற்றிச் சென்று, இருபுறமும் கண்ணுக்குப் பட்ட தேக்குகளைப் பருமன்வாரியாக எண்ணினார். குறிப்பேட்டில் எழுதுவதற்குப் பதிலாகக் கையில் மூங்கில் துண்டுகளை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு துண்டாக, மரத்துக்கு ஒரு வெட்டாகக் கத்தியால் கீறிக்கொண்டே போனார். பகல் முடிந்து முகாம் திரும்பியதும் வெட்டுகளை எண்ணினால் அன்று கடந்த தொலைவின் கணக்கு ஆயிற்று. கோட்டுவழி மதிப்பாய்வு என்று வனத்துறை நூல்கள் பெயரிட்ட முறை இதுதான். ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டினால் இருப்பு குறையாது என்ற வரம்பை அவர் இந்தக் கணக்கிலிருந்தே வகுத்தார். 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராகவும் ஆனார். பாராட்டத்தக்க உழைப்பு அது. எனினும் அந்த மூங்கில்களில் தேக்கு தவிர வேறெந்த மரத்துக்கும் வெட்டு விழவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

சென்னை மாகாணத்திலும் இதே பார்வைதான் நிலவியது. அப்போது மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரின் கலெக்டர் கொனோலி, கப்பல் கட்டத் தேக்கு தேவைப்பட்டதால் 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார். ஆனால் மாகாணத்தில் வனப் பாதுகாவலராகப் பணியாற்றிய ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள், கரிமக் கணக்குக்குத் தேவையான ஒன்றை அறியாமலே விட்டுச்சென்றார். 1881இல் வெளியான அவருடைய இந்திய வெட்டுமரக் கையேடு, மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக விவரிக்கும்போது ஒரு கன அடி கட்டையின் எடை எத்தனை பவுண்டு என்பதையும் பதிவுசெய்தது. கனத்த கட்டை ஆற்றில் மிதக்காது, இலேசான கட்டை பாரம் தாங்காது என்பதால் வணிகருக்கும் ரயில்பாதை அமைப்பவருக்கும் அந்த எண் வேண்டியிருந்தது. இன்று கட்டை அடர்த்தி என்று அழைக்கப்படுவது அதுவே. வைரம் பாய்ந்த மரம் என்று தச்சர் தட்டிப் பார்த்துச் சொல்வதைத் தராசு எண்ணாகச் சொல்கிறது. அந்த எண் இல்லாமல் கன அளவிலிருந்து எடைக்குச் செல்ல வழியே கிடையாது.

மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இதிலிருந்தெல்லாம் விலகி, வேதியியல் கூடங்களில் தனியே ஆராயப்பட்டுவந்தது. 1648இல் அச்சான, ஃபான் ஹெல்மோன்ட் என்ற வேதியியலாளரின் நூல், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் நட்ட 5 பவுண்டு வில்லோ கன்று ஐந்தாண்டில் 169 பவுண்டு மரமானதையும், மண் இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்ததையும் கூறி, எடை முழுதும் நீரிலிருந்து வந்ததாக முடிவுசெய்தது. அம்முடிவு தவறு என்பதை, தாவரத்தின் கரிமம் காற்றிலிருந்தே வருகிறது என்று அளவீட்டால் நிலைநாட்டிய தெ சொசூர் 1804இல் காட்டினார். பவேரியாவில் எர்ன்ஸ்ட் எபர்மாயர் 1876இல் வெளியிட்ட ஆய்வு, காட்டுத் தரையில் ஆண்டுதோறும் உதிரும் சருகை நிறுத்துப் பார்த்தது. சருகை உழவர் வாரிக்கொண்டு போவதால் மண் நலிகிறதா என்பது அவருடைய கவலை. விற்பனைக்கு வராத ஒரு காட்டுப்பொருள் தராசில் ஏறியதற்கு முற்பட்ட சான்றுகளில் அது ஒன்று.

மரத்தை முழுமையாக நிறுக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. உயிருள்ள பொருளின் ஓர் உறுப்பு வளரும் வீதத்துக்கும் இன்னோர் உறுப்பு வளரும் வீதத்துக்கும் இடையே நிலையான உறவு உண்டு என்ற கருத்துக்கு ஜூலியன் ஹக்ஸ்லியும் ஜார்ஜ் தெய்சியேயும் 1936இல் அலோமெட்ரி என்று பெயரிட்டனர். தமிழில் இதனை உறுப்பளவு உறவு எனலாம். அமெரிக்காவின் ஜோசப் கிட்ரெட்ஜ் 1944இல் இதே உறவைக் கொண்டு தண்டின் விட்டத்திலிருந்து இலைகளின் எடையைக் கணித்தார். ஆனால் வெப்பமண்டலக் காட்டில் இதைப் பெரும் உழைப்போடு செய்து காட்டியவர்கள் ஜப்பானியச் சூழலியலாளர்கள். தத்துவோ கிராவும் ஒகாவா முதலிய அவருடைய கூட்டாளிகளும் தாய்லாந்துக் காடுகளில் மரங்களை வெட்டி நிறுத்து 1965இல் முடிவுகளை வெளியிட்டனர். 1970களில் மலேசியாவின் பாசோ காட்டில் இன்னும் விரிவாக அதைச் செய்தனர்.

வெட்டி நிறுத்தல் என்று இரண்டு சொல்லில் அடங்கும் அந்த வேலையின் உண்மை வேறு. மரம் நிற்கும்போதே மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவு எடுக்கப்படுகிறது. சாய்த்த பிறகு அடி முதல் நுனி வரை நீளம் அளக்கப்படுகிறது. தண்டு துண்டுகளாக அறுக்கப்படுகிறது. பருத்த கிளை, மெல்லிய கிளை, சுள்ளி, இலை, பூ, காய் எனத் தனித்தனிக் குவியல்களாக்கப்பட்டு ஒவ்வொன்றும் தொங்கு தராசில் ஏற்றப்படுகிறது. இலை வாடி நீரிழப்பதற்குள், மழை வந்து கூடுதல் நீரேற்றுவதற்குள் இத்தனையும் முடிய வேண்டும். பச்சை எடையில் எவ்வளவு நீர் என்று தெரியாததால், ஒவ்வொரு குவியலிலும் ஒரு பிடி எடுத்து நிறுத்து, ஆய்வுக்கூட அடுப்பில் 105 டிகிரி வெப்பத்தை ஒட்டி, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி மறுபடி நிறுக்கின்றனர். இரண்டு எடைகளின் விகிதமே முழுக் குவியலின் உலர் எடையைத் தருகிறது. பெருமரம் ஒன்றுக்குப் பலர் பல நாள் உழைக்க வேண்டும். வேரைத் தோண்டி எடுப்பது அதைவிடக் கடினம் என்பதால் வேர் நிறுக்கப்பட்ட மரங்கள் மிகச் சிலவே. பெரும்பாலான கணக்குகளில் வேர், தரைக்கு மேலுள்ள எடையின் ஒரு பங்காக, நாலில் ஒன்று என்ற அளவை ஒட்டி, அனுமானிக்கப்படுகிறது. இவ்வாறு உலர் எடையாகச் சொல்லப்படும் காட்டின் உயிருள்ள பொருள் அனைத்தும் உயிர்த்திரள் எனப்படும்.

இதுவரை இந்த எண்களைச் சூழலியலாளர் சிலரே தேடினர். சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் தொடங்கிய அளவீடு, காற்றில் கரியமில வாயு ஆண்டுதோறும் ஏறுவதைக் காட்டிய பிறகு நிலை மாறியது. எரித்த நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வெளியான வாயுவில் ஒரு பகுதியே காற்றில் தங்குகிறது. மீதியைக் கடல் எவ்வளவு, காடு எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்ற கேள்வி எழுந்தது. 1978இல் ஜார்ஜ் வுட்வெல்லும் உடனாய்வாளர்களும், காடழிப்பால் உலகத் தாவரங்கள் வாயுவை வாங்குவதற்கு மாறாகப் பெருமளவில் வெளியிடுகின்றன என்று வாதிட்டனர். கடலை ஆய்ந்தவர்கள், அவ்வளவு வாயுவை ஏற்கக் கடலில் இடமில்லை என்று மறுத்தனர். இந்த வழக்கு கடைசியில் ஒரே எண்ணில் வந்து நின்றது: வெப்பமண்டலக் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை டன் உயிர்த்திரள்?

அப்போது பரவலாக வழங்கிய மதிப்பு, சூழலியலாளர்களான விட்டேக்கரும் லைக்கன்சும் 1970களில் தொகுத்தது. வெப்பமண்டல மழைக்காட்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரி 450 டன். சாண்ட்ரா பிரவுனும் ஏரியல் லூகோவும் 1984இல் இதை வேறு வழியில் சோதித்தனர். உலக உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 76 வெப்பமண்டல நாடுகளுக்குத் தொகுத்திருந்த வெட்டுமரக் கன அளவுப் புள்ளிவிவரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றைக் கட்டை அடர்த்தியால் பெருக்கி எடையாக்கி, கிளைக்கும் இலைக்கும் வேருக்கும் உரிய பங்கைக் கூட்டினர். கிடைத்த விடை, சூழலியலாளர்கள் சொல்லிவந்ததைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. காரணம் நுட்பமானது, ஆனால் மறுக்க முடியாதது. சில துண்டு நிலங்களையே வெட்டி நிறுக்க முடிந்த சூழலியலாளர், நெடுமரங்கள் செறிந்து நின்ற, காடு என்று கண்ணுக்கு நிறைவாகத் தோன்றிய இடங்களையே தேர்ந்திருந்தனர். மரக்கணக்கு எடுத்த வனத்துறையினரோ பள்ளத்தையும் பாறையையும் மூங்கில் புதரையும் விழுந்த மரத்தின் வெட்டவெளியையும் விலக்காமல் நடந்திருந்தனர். எடையை நேரில் கண்டவர் இடத்தில் தவறினர். இடத்தைச் சரியாகக் கண்டவர் எடையை அறியாதிருந்தனர். வணிகத்துக்காக எடுத்த பழைய கணக்கு, அறிவியலின் ஒரு பெரும்பிழையைத் திருத்திய இந்த நிகழ்ச்சியே இந்த வரலாற்றின் நடுவிடம் என்று கொள்ளலாம். பிரவுன் இம்முறையை மேலும் செப்பம் செய்து 1997இல் அந்நிறுவனத்துக்காக எழுதிய கையேடு, பல நாடுகளின் கணக்குக்கு அடிப்படையாயிற்று.

தேவையும் அதற்குள் மாறிவிட்டது. 1992இன் காலநிலை உடன்படிக்கையும் 1997இன் கியோட்டோ ஒப்பந்தமும் நாடுகள் தம் காட்டின் கரிமத்தைக் கணக்குக் காட்டும் நிலையை உண்டாக்கின. தரைமேல் உயிர்த்திரள், தரைக்கீழ் உயிர்த்திரள், பட்ட மரம், சருகு, மண் என ஐந்து சேமிப்பிடங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழு வகுத்தது. வெட்டி நிறுத்த மரங்களின் பதிவுகளும் ஒன்றுசேர்க்கப்பட்டன. பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் ஷாவும் பன்னாட்டுக் கூட்டாளிகளும் 2005இல் 27 இடங்களின் 2,410 மரங்களையும், 2014இல் 58 இடங்களின் 4,004 மரங்களையும் வைத்துப் பொதுச் சமன்பாடுகளை அமைத்தனர். பிந்தைய சமன்பாட்டின்படி, மார்பளவில் 94 சென்டிமீட்டர் சுற்றளவும், அதாவது 30 சென்டிமீட்டர் விட்டமும், 20 மீட்டர் உயரமும் உடைய ஒரு மரத்தின் கட்டை அடர்த்தி தேக்கைப்போல் கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் ஆனால், அதன் தரைமேல் உலர் எடை ஏறத்தாழ 580 கிலோ. அதில் 47 விழுக்காடு கரிமம் எனக்கொண்டால் 273 கிலோ. கரிமத்தின் எடை 12க்குக் கரியமில வாயுவின் எடை 44 என்ற விகிதத்தில் பெருக்கினால், அந்த ஒரு மரம் காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும் வாயு ஒரு டன். அதே சுற்றளவும் உயரமும் கொண்டது இலவ மரமாயின், கட்டை அடர்த்தி 0.33 என்ற அளவே ஆகையால், உலர் எடை 325 கிலோவாக இறங்கிவிடும். தோற்றத்தில் ஒன்றுபோல் நிற்கும் இரண்டு மரங்களுள் ஒன்று மற்றதன் பாதியைச் சற்றே தாண்டுகிறது. மரத்தின் பெயரை அறிந்தவர் உடன் இல்லாத கணக்கெடுப்பு எந்த அளவுக்குத் தவறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் 1965இல் தொடங்கிய முதலீட்டுக்கு முந்தைய வனவள ஆய்வு என்ற திட்டமே 1981இல் இந்திய வன அளவாய்வு நிறுவனமாக மாறியது. காகித ஆலைக்கும் மர ஆலைக்கும் மூலப்பொருள் எங்கே உண்டு என்று பார்ப்பதே அத்திட்டத்தின் பிறப்புக் காரணம். ஆதலால் 0.1 ஹெக்டேர் மாதிரிப் பரப்புகளில் 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட தண்டுகளே அளக்கப்பட்டன. கரிமக் கணக்கு கேட்கப்பட்டபோது சிறுமரம், கிளை, இலை, புதர், பட்ட கட்டை எதற்கும் பதிவு இல்லை. விடுபட்ட இவற்றை அளக்கவே 2008இல் தனி ஆய்வு ஒன்று தொடங்க வேண்டியிருந்தது. சாக்சனியின் அட்டவணைகளில் விடப்பட்ட இடைவெளி, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இந்தியக் காட்டில் இவ்வாறு நிரப்பப்பட்டது. இந்தியக் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட கரிமம் மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது; அதுவும் மேல்மண் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை மட்டுமே கணக்கில் வருகிறது. இன்னும் ஆழமாக மண் எடுத்தால் எண் கூடும். ஆகவே எந்த நாட்டின் கரிம இருப்பையும் மற்றொரு நாட்டின் இருப்போடு ஒப்பிடுமுன், எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எவ்வளவு சிறிய மரம் வரை எண்ணினார்கள் என்று கேட்பது முறை.

வானிலிருந்து காண்பதால் இந்தத் தொல்லைகள் தீரும் என்ற நம்பிக்கை 1972இல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டதிலிருந்து வளர்ந்துவந்தது. செயற்கைக்கோள் எடையைக் காண்பதில்லை. ஒளியின் எதிரொளிப்பையும் அலையின் திரும்பலையும் உயரத்தையும் காண்கிறது. இலைக்கூரை மூடிவிட்ட காட்டில் இளங்காடும் முதுகாடும் ஒரே பச்சையாகத் தெரிவதால் சாதாரணப் படம் போதாது. ரேடார் அலையும், ஹெக்டேருக்கு 100 முதல் 150 டன்னை ஒட்டி, அதற்குமேல் கூடுதலை உணராமல் நின்றுவிடுகிறது. லேசர் துடிப்பை அனுப்பி அது மரநுனியிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நேர வேறுபாட்டால் உயரம் காணும் முறை, 2003இல் ஏவப்பட்ட ஐஸ்சாட் கோளால் காடுகளுக்குப் பயன்பட்டது. பனிப்பாறைகளை அளக்கவே அக்கோள் அனுப்பப்பட்டது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. அந்த உயரங்களைக் கொண்டு சசான் சாச்சியின் குழு 2011இலும், அலெசாண்ட்ரோ பச்சினியின் குழு 2012இலும் வெப்பமண்டலக் கரிம வரைபடங்களை வெளியிட்டன. முதலாவது தரைக்கு மேலும் கீழுமாக 24,700 கோடி டன் என்றது; இரண்டாவது தரைக்கு மேல் மட்டுமே 22,870 கோடி டன் என்றது. எட்வர்ட் மிட்சர்ட் முதலியோர் 2014இல் இரண்டையும் அமேசான் காட்டின் நானூறுக்கும் மேற்பட்ட தரைப் பரப்புகளோடு ஒப்பிட்டபோது, வரைபடங்கள் தம்முள் மாறுபட்டதோடு தரை சொன்னதிலிருந்தும் விலகியிருந்தன. அமேசானின் வடகிழக்கில் அடர்த்தி மிகுந்த கட்டையுடைய இனங்களும் தென்மேற்கில் இலேசான கட்டையுடைய இனங்களும் நிறைந்துள்ளன. எத்தனை உயரத்திலிருந்து பார்த்தாலும் கட்டையின் வைரம் தெரிவதில்லை. கேம்பிள் பவுண்டுக் கணக்கில் எழுதிவைத்த பண்பே இங்கும் தீர்மானிப்பதாக இருந்தது.

கருவிகள் அதன்பின் வேகமாக முன்னேறியிருக்கின்றன. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்துவதற்காக 2018 டிசம்பரில் அனுப்பப்பட்ட கெடி என்ற லேசர் கருவி, 25 மீட்டர் அகலப் புள்ளிகளாகக் காட்டின் உயரத்தை அளக்கிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பயோமாஸ் கோள், ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீள அலையை அனுப்புகிறது; சிற்றலை இலையில் பட்டுத் திரும்பிவிட, இந்நீண்ட அலை இலையை ஊடுருவித் தண்டையும் பெருங்கிளையையும் தொட்டு மீள்கிறது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா–இஸ்ரோ கூட்டுக் கோளான நிசார், இருவகை ரேடார் அலைகளால் காட்டின் மாற்றத்தைக் காணும். ஆனால் இவற்றின் அலையும் உயரமும் டன்னாக மாறுவது தரையில் அளந்த பரப்புகளோடு பொருத்திப் பார்த்த பிறகே. அந்தத் தரைப் பரப்பின் டன்னும், எங்கோ ஒரு காலத்தில் வெட்டி நிறுத்த சில ஆயிரம் மரங்களின் சமன்பாட்டிலிருந்து வருவதே.

அத்தகைய தரைப் பரப்புகளுள் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்தில் அமைந்த 50 ஹெக்டேர் பரப்பைப் பின்பற்றி, இந்திய அறிவியல் கழகத்தின் இராமன் சுகுமார் 1988இல் முதுமலையில் அதே அளவிலான நிலையான பரப்பை அமைத்தார். வெண்தேக்கும் கருமருதும் வெக்காலியும் தேக்கும் நிற்கும் அந்த இலையுதிர் காட்டில், ஒரு சென்டிமீட்டர் விட்டம் எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும் இனப்பெயரும் இடக்குறிப்பும் உண்டு. ஆண்டுதோறும் செத்தவையும் புதிதாகச் சேர்ந்தவையும் பதியப்படுகின்றன; நான்காண்டுக்கு ஒருமுறை எல்லா மரங்களும் அளக்கப்படுகின்றன; யானை முறித்ததும் தீயில் போனதும் தனித்தனியே தெரியவருகின்றன. புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் குடகு மலைச்சரிவில் உப்பங்கலாவில் 1990ஐ ஒட்டி அமைத்த பரப்பு, மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டுக்கு இதேபோன்ற பதிவைத் தருகிறது.

இத்தகைய பரப்பில் நாடா பிடிப்பவரின் கவனம் எவ்வளவு முக்கியம் என்பது உலகளவில் ஒரு விவாதமாகவே நடந்தது. அமேசான் பரப்புகள் ஆண்டுதோறும் எடை கூடிவருவதாக ஆலிவர் பிலிப்ஸ் முதலியோர் 1998இல் அறிவித்தபோது, பலகை வேர் உள்ள பெருமரங்களில் நாடா எங்கே சுற்றப்பட்டது என்று எதிர்க்கேள்வி எழுந்தது. பலகை வேர் என்பது அடிமரத்தைத் தாங்கிப் பலகைபோல் விரியும் வேர். அது ஆண்டுதோறும் மேலேறுவதால், அதன்மீது நாடா வைத்தால் மரம் பருக்காமலே பருத்ததாகக் கணக்கு காட்டும். மார்பளவு உயரம் என்பதே இந்திய வனத்துறையில் 1.37 மீட்டர், வேறு பல நாடுகளில் 1.3 மீட்டர். பலகை வேர் இருந்தால் அதற்கும் மேலே ஏறி, சென்ற முறை வண்ணம் தீட்டிய அதே கோட்டில் நாடாவைச் சுற்ற வேண்டும். கொடியை விலக்க வேண்டும். எறும்புக் கூட்டைத் தாண்ட வேண்டும். மில்லிமீட்டரைச் சரியாகப் படிக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் காட்டைச் சார்ந்து வாழும் மக்கள். இலையும் பட்டையும் கண்டு மரத்தின் பெயர் சொல்லக்கூடியவர்கள். கோடிக்கணக்கில் செலவிட்டுக் கோள்களை ஏவும் அரசுகள், அவற்றின் எண்களுக்கு உயிரான இந்தப் பரப்புகளுக்கு ஆண்டுதோறும் தவறாமல் நிதி ஒதுக்க வேண்டும். நாடா பிடித்தவர்களின் பெயர்களை ஆய்வேடுகளில் ஆசிரியர் வரிசையிலேயே அச்சிட வேண்டும். வெட்டி நிறுத்த ஒவ்வொரு மரத்தின் பதிவையும் எவரும் எடுத்துச் சரிபார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும்.